கொங்கு நாட்டில் சொந்தக் கிளினிக்: இடம் பார்ப்பதிலிருந்து லாபம் நிலைக்கும் வரை

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் படுக்கை வசதி இல்லாத வெளிநோயாளர் கிளினிக் தொடங்க நினைக்கும் டாக்டர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பல்லடம் பக்கம் பல ஆண்டுகளாகக் கிளினிக் நடத்துகிறேன். இளம் டாக்டர்கள் பலர் தொடங்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். திணறியவர்களில் யாரும் வைத்தியம் தெரியாமல் திணறவில்லை. நோயாளி வருவதற்கு முன்பே மாதச் செலவைப் பெரிதாக்கிக்கொண்டு திணறினார்கள். வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம்.

1. இடம் தேடும் முன் மாதக் கணக்கு

ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதுங்கள். ஒரு நோயாளிகூட வராவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தே தீர வேண்டிய செலவு ஒன்று. உங்கள் குடும்பத்துக்கு மாதம் வேண்டிய பணம் இன்னொன்று.

ஓர் எடுத்துக்காட்டு. வாடகை 15,000, இரண்டு ஊழியர் சம்பளம் 26,000, மின்சாரமும் இணையமும் 5,000, கழிவு அகற்றல், துப்புரவு, அச்சுச் செலவு 4,000, கடன் தவணை 20,000. மொத்தம் 70,000 ரூபாய். கட்டணம் 200 ரூபாய், அதில் பஞ்சு, கையுறை, சீட்டு என்று 20 ரூபாய் போனால் ஒருவருக்கு 180 நிற்கும். மாதம் 25 நாள் வேலை என்றால், செலவை ஈடுகட்ட மட்டும் நாளொன்றுக்கு 16 பேர் பணம் கொடுத்துப் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு 60,000 வேண்டுமென்றால் அது 29 பேராகிறது.

இப்போது அதே கணக்கில் வாடகையை 40,000 ஆகவும் தவணையை 60,000 ஆகவும் மாற்றிப் பாருங்கள். செலவு 1,35,000 ஆகிவிடும். வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காமல், கதவைத் திறந்து வைக்க மட்டும் 30 பேர் வேண்டும். புதிய டாக்டரிடம் முதல் மாதங்களில் 30 பேர் வருவது அரிது. குளிர்சாதன வரவேற்பறையும் கண்ணாடி முகப்பும் போட்டுத் தொடங்கியவர்கள் ஓராண்டுக்குள் ஷட்டரை இறக்குவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். காய்ச்சலுக்குப் பார்த்தவர் நான்கைந்து நாளில் மறுபடி வந்தால் கட்டணம் வாங்காத வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நல்ல வழக்கம்தான், விடவேண்டாம். ஆனால் வருபவர்களில் நான்கில் ஒருவர் அப்படி மறுபார்வைக்கு வருபவர் என்றால், 16 பேரின் கட்டணம் கிடைக்க 22 பேரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்று கேட்பார்கள். கிளினிக் செலவும் வீட்டுச் செலவும் சேர்த்து ஆறு மாதத்துக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். அது இல்லாதவர் மூன்றாவது மாதமே பணமுடையில் வேறு மருத்துவமனையில் மாலைப் பணிக்கு ஒப்புக்கொள்வார். அந்த நாளிலிருந்து அவருடைய கிளினிக் நேரம் குலையும். நேரம் குலைந்த கிளினிக்கை மீட்பது எவ்வளவு கடினம் என்பதைக் கீழே சொல்கிறேன். சேமிப்பு குறைவாக இருப்பவர்கள் காலையில் ஒரு மருத்துவமனையில் நிலையான சம்பள வேலை, மாலையில் மட்டும் சொந்தக் கிளினிக் என்று தொடங்குவது மேல்.

2. ஊரின் வேலை நேரத்தைப் படியுங்கள்

கொங்கு நாடு ஒரே மாதிரியான ஊர்களின் கூட்டம் அல்ல. ஊரின் தொழில்தான் உங்கள் நேரத்தையும், வரும் நோயையும், பணம் வரும் நாளையும் முடிவு செய்யும்.

திருப்பூரையும் அதைச் சுற்றிய பனியன் கம்பெனி ஊர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் கிளினிக் வெறிச்சோடிக் கிடக்கும். வேலை விட்ட பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல்தான் கூட்டம். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் குழந்தைகளோடு வருவார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை விடும் கிளினிக் தன் நல்ல நாளை இழக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே காலியாகும். அந்த வாரங்களின் வரவை நம்பித் தவணை வைக்காதீர்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம் என்பதால் சிறிதளவு இந்தி தெரிந்த ஊழியர் ஒருவர் இருந்தால் பெரிய உதவி.

சோமனூர், பல்லடம், வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று தறி ஓடும். ஷிப்ட் மாறும் நேரத்தில் திறந்திருக்கும் டாக்டரைத்தான் தறிக்காரர் பார்ப்பார். பஞ்சுத் தூசியால் வரும் இருமல், தறிச் சத்தத்தில் மங்கும் செவி, நின்றே வேலை செய்வதால் வரும் கால் வலி ஆகியவை அடிக்கடி வரும். இருமலுக்கு மருந்து எழுதுவதோடு நிறுத்தாமல் என்ன வேலை என்று கேட்கும் டாக்டரை அவர்கள் மறப்பதில்லை.

காங்கேயம், தாராபுரம், கோபிச்செட்டிபாளையம் பக்கம் குடும்பங்கள் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்து வீடுகளில் தனித்தனியே வாழ்கின்றன. காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. ஏழரை மணிக்குத் திறந்திருந்தால் பால் ஊற்ற வந்தவர் அப்படியே உங்களிடம் வருவார்; பத்து மணிக்குத் திறந்தால் அவர் தோட்டத்துக்குப் போயிருப்பார். சந்தை நாளில் கூட்டம் இரட்டிப்பாகும். மகன் கோவையிலோ வெளிநாட்டிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் தோட்டத்தில் இருக்கும் வீடுகள் இங்கே மிக அதிகம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் டாக்டருக்கு இந்தப் பக்கம் தேவை உண்டு.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரி. ஆண்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருந்துவிட்டு வருவார்கள். வந்த சில நாளில் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனையை முடித்து, அடுத்த பயணம் வரைக்கும் மருந்து எழுதித் தர வேண்டும். வாராவாரம் வரச் சொன்னால் அவர்களால் முடியாது.

படிப்பது எப்படி? நீங்கள் நினைத்த இடத்தில் ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் காலை, மாலை நின்று பாருங்கள். பிறகு மருந்துக்கடைக்காரரிடம் பேசுங்கள். எந்த ஊர் டாக்டர்களின் சீட்டுகள் வருகின்றன, எந்த நேரத்தில் "டாக்டர் யாராவது இருக்கிறார்களா" என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். சாதாரணக் காய்ச்சலுக்கே பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறார்கள் என்றால் அங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது.

முப்பது ஆண்டுகளாக ஒரு கைராசி டாக்டர் இருக்கும் தெருவில் அவருக்கு எதிரே கடை விரிக்காதீர்கள். அவரை நம்பும் குடும்பங்கள் உங்களிடம் வரமாட்டார்கள். வரவேண்டிய அவசியமும் இல்லை. அவர் பார்க்காத நேரம், பார்க்காத வயது, எட்டாத புதுக் குடியிருப்பு ஆகியவை உங்களுடையவை. திறப்பதற்கு முன் அவரை நேரில் போய்ப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். உங்கள் அவசரத்துக்கு ஓடி வரப்போகும் முதல் ஆள் அவர்தான்.

3. கட்டடமும் வாடகை ஒப்பந்தமும்

தரைத்தளம் மட்டும் பாருங்கள். மூட்டு வலிக்காரர் படி ஏறமாட்டார். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை, இருசக்கர வாகனம் நிறுத்த இடம், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிப்பறை, கை கழுவ ஓடும் தண்ணீர், இவை நான்கும் இல்லாத கட்டடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். காத்திருக்கும் இடத்தில் காற்று குறுக்கே ஓட வேண்டும். இருமுகிறவரும் கைக்குழந்தையும் ஒரே அறையில் உட்காரும் இடம் அது.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைக் கேட்கிறது. குறைந்தது ஐந்தாண்டுக்குப் போடுங்கள். ஆண்டுக்கு வாடகை எவ்வளவு உயரும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அனுமதிகள் அந்த முகவரிக்கே தரப்படுகின்றன. இடம் மாறினால் காகித வேலை எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதைவிட, நோயாளிக்குப் பழகிய இடம் போய்விடும்.

வீட்டு மின் இணைப்பில் கிளினிக் நடத்துவது பலர் செய்யும் தவறு. வீட்டோடு சேர்ந்த, 200 சதுர அடிக்கு மிகாத ஆலோசனை அறைக்கு மட்டும் வீட்டு மின் கட்டணம் செல்லும். மற்றபடி வணிக இணைப்பாக மாற்ற வேண்டும். உரிமையாளரிடம் இதை முதலிலேயே பேசுங்கள். சொத்து வரியும் மாறும் என்று தெரிந்ததும் பின்வாங்கும் உரிமையாளர்கள் உண்டு. அவர் அட்வான்ஸ் வாங்கும் முன் பின்வாங்குவது உங்களுக்கு நல்லது.

4. அனுமதிகள், எது முதலில்

மரவேலைக்கு ஆள் சொல்லும் முன் விண்ணப்பங்கள் போக வேண்டும். ஒன்றின் நகல் மற்றொன்றுக்குத் தேவைப்படுவதால் வரிசை தவறினால் மாதங்கள் வீணாகும்.

முதலில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு. வேறு மாநிலத்தில் படித்துப் பதிந்தவர்கள் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். மேற்படிப்பையும் தனியாகப் பதிய வேண்டும். பதியாத பட்டத்தைப் பலகையில் எழுதக் கூடாது.

இரண்டாவது, உயிர்மருத்துவக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகள் படுக்கை இல்லாத சிறு கிளினிக்கையும் விடுவதில்லை. உங்கள் பகுதிக்கான பொதுக் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு, அதைக் கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது, 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு. மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இதைக் கவனிக்கிறது. இதற்கான விதிகள் 2018-இல் வந்தன. ஆய்வுக்கு வருபவர்கள் இடம், ஊழியர் தகுதி, கழிவு ஒப்பந்தம், பதிவேடுகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

ஸ்கேன் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று கைக்கு வந்த பிறகே இயந்திரம் உள்ளே வர வேண்டும். விற்பனையாளர் "முதலில் இறக்கிவிடுகிறோம்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதியாத இடத்தில் இயந்திரம் இருப்பதே குற்றம். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தனி. என் கருத்தில், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இவை இரண்டையும் நினைக்கவே வேண்டாம்.

மருந்து பற்றி ஒரு சொல். உங்கள் நோயாளிக்கு நீங்களே மருந்து கொடுப்பதற்கு மருந்து விதிகளில் விலக்கு உண்டு. வெளியாருக்கு விற்கவோ, கடை போல் திறந்து வைக்கவோ அந்த விலக்கு பொருந்தாது. மருந்துக்கடையே வைப்பதானால் தனி உரிமமும் பதிவு பெற்ற மருந்தாளுநரும் வேண்டும்.

கடைசியாக, தொழில்சார் பொறுப்புக் காப்பீடு. 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. முதல் நோயாளி உள்ளே வரும் முன் காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும்.

5. கருவிகள்: குறைவாக வாங்குங்கள், அவசரத்துக்கானதை விடாதீர்கள்

இரத்த அழுத்தமானி, வெப்பமானி, ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, எடை பார்க்கும் கருவி, நெபுலைசர், இ.சி.ஜி., கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், ஒரு நல்ல பரிசோதனைக் கட்டில். பொது மருத்துவக் கிளினிக்குக்கு இது போதும். இ.சி.ஜி. ஆடம்பரம் இல்லை. நெஞ்சு எரிகிறது என்று வரும் ஐம்பது வயது விவசாயியை வாயுத் தொல்லை என்று திருப்பி அனுப்பாமல் இருக்க அது வேண்டும்.

அவசர மருந்துத் தட்டு தனியாக, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். ஆக்சிஜன் உருளை, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பை, அட்ரினலின், ஹைட்ரோகார்ட்டிசோன், ஏவில், அட்ரோபின். ஊசி போட்டதும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்தால் பெரியவருக்கு அட்ரினலின் 0.5 மில்லி கிராம் தொடைத் தசையில் போக வேண்டும். தேடுவதற்கு நேரம் இருக்காது. மாதம் ஒரு முறை காலாவதி தேதியைப் பார்த்துக் கையெழுத்திடும் தாள் ஒன்றைத் தட்டின் மேலேயே ஒட்டுங்கள்.

தோட்டத்து ஊரில் இருப்பவர்களுக்கு: பாம்புக் கடியும் பூச்சிமருந்து குடித்தவரும் உங்கள் வாசலுக்கு வருவார்கள். கடித்த இடத்தை அசையாமல் வைத்து, மூச்சையும் நாடியையும் கவனித்து, 108-ஐ அழைத்து, முறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே அனுப்புவதுதான் உங்கள் வேலை. பெருந்துறை, திருப்பூர், நாமக்கல், கரூர், கோவை என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சுற்றிலும் இருக்கின்றன. எங்கே எத்தனை நிமிடத்தில் போகலாம் என்பதை முன்பே தெரிந்து வையுங்கள். வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்து இழக்கும் அரை மணி நேரம் ஓர் உயிர்.

6. ஊழியரும் கழிவுப் பைகளும்

இரண்டு பேர் போதும். பதிவு பெற்ற செவிலியர் ஒருவர், முகப்பில் சீட்டு எழுதி டோக்கன் கொடுப்பவர் ஒருவர். முகப்பில் இருப்பவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். வயதானவரை "வாங்க அப்புச்சி, உட்காருங்க" என்று அழைக்கத் தெரிந்தவர் உங்கள் பெயரைக் காப்பாற்றுவார். "டோக்கன் நம்பர் என்ன" என்று தலை தூக்காமல் கேட்பவர் உங்கள் நல்ல வைத்தியத்தையும் கெடுப்பார். நோயாளி உங்களைப் பற்றி முடிவு செய்வது உங்கள் அறைக்குள் வரும் முன்பே தொடங்கிவிடுகிறது.

முதல் நாளிலேயே கழிவைப் பிரிக்கப் பழக்குங்கள். இரத்தம் பட்ட பஞ்சும் காலாவதி மருந்தும் மஞ்சள் பை. கையுறை, குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு சிவப்புப் பை. ஊசி, பிளேடு ஆகியவை துளையாத வெள்ளைப் பெட்டி. கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டி. 48 மணி நேரத்துக்கு மேல் கழிவை வைத்திருக்கக் கூடாது. ஆண்டறிக்கையை ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். பலர் மறப்பது இந்த ஒன்றைத்தான்.

7. கட்டணமும் கணக்கும்

கட்டணத்தைப் பலகையில் எழுதி மாட்டுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதிகளே அதைச் சொல்கின்றன. அதைவிட முக்கியம், எவ்வளவு ஆகுமோ என்ற பயத்தில் வாசலோடு திரும்புபவர் உள்ளே வருவார்.

தொடங்கும்போது அக்கம்பக்கத்து டாக்டர்களைவிட மிகக் குறைத்து வைக்காதீர்கள். ஐம்பது ரூபாய்க்குப் பழகியவர்களிடம் பிறகு இருநூறு கேட்க முடியாது. ஏழைகளுக்குக் குறைக்க வேண்டுமானால் அந்த நபருக்கு, அந்த இடத்தில், நீங்களே குறையுங்கள். "மஞ்சள் விற்றதும் தருகிறேன்" என்று சொல்லிப் போகும் விவசாயியின் பெயரைக் குறித்துவைத்தால் போதும்; நச்சரிக்க வேண்டாம். நம் ஊர்களில் அந்தப் பணம் பெரும்பாலும் வந்துவிடும்.

கிளினிக்குக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் அட்டை. ஒவ்வோர் இரவும் சீட்டு எண்ணிக்கை, பணம், க்யூஆர் வரவு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகு வீட்டுக்குப் போங்கள். அன்றன்று பார்த்தால் தவறு எங்கே என்று தெரியும்; மாதக் கடைசியில் பார்த்தால் சந்தேகம் மட்டும்தான் மிஞ்சும். அது நல்ல ஊழியரையும் விரட்டிவிடும்.

வரியைப் பொறுத்தவரை, மருத்துவ ஆலோசனைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அழகு சிகிச்சைக்கு உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை இருக்கிறது. உள்ளாட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு முறை. மீதியை ஒரு தணிக்கையாளரிடம் விடுங்கள்.

8. நேரம் தவறாமை

இந்தப் படிக்குச் செலவு எதுவும் இல்லை. இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள்.

பத்து கிலோமீட்டர் தூரத்திலிருந்து, காய்ச்சல் குழந்தையை மொபெட்டில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வருகிறார். பலகையில் மாலை 5 மணி என்று இருக்கிறது. ஆறு மணி வரை டாக்டர் வரவில்லை. அந்தத் தாய் மறுபடி வரமாட்டார். பால் சொசைட்டியிலும் தறிப் பட்டறையிலும் "அந்த டாக்டர் இருப்பார் என்று சொல்ல முடியாது" என்ற பேச்சு பரவும். அந்தப் பேச்சை எந்த விளம்பரமும் அழிக்காது.

ஆகவே உங்களால் காப்பாற்ற முடிந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம்தான் முடியும் என்றால் நான்கு மணி நேரம் என்றே போடுங்கள். முதல் ஆண்டில் யாரும் வராத மாலையிலும் கடைசி நிமிடம் வரை நாற்காலியில் இருங்கள். கல்யாணம், காதுகுத்து, ஊர் நோன்பு என்று போகவேண்டிய நாட்களை ஒரு வாரம் முன்பே வாசலில் எழுதி மாட்டுங்கள். அந்த நாளுக்கு வேறொரு டாக்டரைப் பேசி வையுங்கள். திடீரென்று முடியாமல் போனால் ஊழியர் கதவைத் திறந்து வைத்து, வருபவர்களுக்கு நேரில் சொல்ல வேண்டும். பூட்டிய ஷட்டரைப் பார்த்துத் திரும்புவது வேறு, ஒருவர் முகம் பார்த்துச் சொல்லித் திரும்புவது வேறு.

9. திறப்பு

ஆடியில் நம்மவர்கள் திறக்கமாட்டார்கள். ஆவணியில் திறப்பது சடங்குக்கு மட்டுமல்ல, தொழிலுக்கும் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்குவும் மற்ற காய்ச்சல்களும் கூடும். அதற்குள் ஊழியர் பழகி, பதிவேடு சீராகி, இடம் ஊருக்குத் தெரிந்திருக்கும்.

விளம்பரத்தில் கவனம். தொழில் தொடங்குவது, முகவரி மாறுவது, விடுப்பில் போவது, திரும்பி வருவது போன்றவற்றைப் பத்திரிகையில் அறிவிக்க நன்னடத்தை விதிகள் இடம் தருகின்றன. நோயாளியை அழைக்கும் விளம்பரம், மிகப் பெரிய பலகை, குணமானவர்களின் நன்றிச் சொற்கள் கூடாது. பெயர், பட்டம், பதிவு எண், நேரம், இவை தெளிவாக, பஸ்ஸிலிருந்து படிக்கும் அளவில் இருந்தால் போதும்.

இலவச முகாம் நடத்துவதானால் நூறு பேருக்குச் சர்க்கரை பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அதிகம் இருந்தவர்களின் பெயரை எழுதி, ஒரு வாரத்துக்குள் அழைத்துப் பேசுங்கள். பின்தொடராத முகாம் அவர்களுக்கும் பயன்படாது, உங்களுக்கும் பயன்படாது.

10. திரும்பி வருபவரே வருமானம்

காய்ச்சல் பருவத்தை நம்பி நடக்கும் கிளினிக் மார்கழிக்குப் பிறகு படுத்துவிடும். ஆண்டு முழுதும் நிலையாக நிற்பது சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா நோயாளிகளால்.

இங்கே ஒரு நிஜத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவருகிறது. மாத்திரையில் நீங்கள் அதோடு போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது. பணம் இல்லாதவரிடம் அந்தத் திட்டத்தைப் பற்றி நீங்களே சொல்லுங்கள். உங்களிடம் அவர் வருவது நேரத்துக்காக: பாதம் மரத்துப்போகிறதா என்று பார்ப்பது, மூன்று மாத சராசரி சர்க்கரை ஏன் ஏறியது என்று உட்கார்ந்து பேசுவது, காலையில் ராகிக் களியும் மத்தியானம் அரிசிச் சோறும் எவ்வளவு என்று அவர் சாப்பாட்டை வைத்தே சொல்வது.

ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு கொடுத்து, அளவுகளையும் அடுத்து வரவேண்டிய தேதியையும் நீங்களே எழுதுங்கள். அதே தேதி உங்கள் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். தேதி கடந்தவர்களை வாரம் ஒரு நாள் ஊழியர் தொலைபேசியில் அழைக்கட்டும்: "ஐயா, இந்த மாதம் சர்க்கரை பார்க்கவில்லை, டாக்டர் கேட்டார்." இந்த ஒரு பழக்கம் எந்தக் கருவியைவிடவும் அதிக வருமானம் தந்து பார்த்திருக்கிறேன், அதைவிட, காலையும் கண்ணையும் காப்பாற்றியிருக்கிறது. வெளியூரில் இருக்கும் மகனுக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு, பரிசோதனை முடிவை இரண்டு வரியில் அனுப்புங்கள். பணம் அனுப்புபவரின் நம்பிக்கையும் சேர்ந்துவிடும்.

"ஒரு ஊசி போட்டு விடுங்கள், நாளைக்குத் தறிக்குப் போக வேண்டும்" என்று கேட்பார்கள். "குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்பார்கள். தேவையில்லாமல் போட்டால் அன்றைக்குக் கூடுதல் பணம் கிடைக்கும். ஆனால் ஒரு முறை போட்டால் ஒவ்வொரு முறையும் போட வேண்டும். ஒரு நாள் ஒவ்வாமை வரும். ஏன் வேண்டாம் என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள், மூன்றாம் நாள் நீங்களே அழைத்து விசாரியுங்கள். முதலில் சிலர் வேறு இடம் போவார்கள். நின்றவர்கள் குடும்பத்தோடு நிற்பார்கள்.

காசநோய் கண்டால் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் அறிவிப்பது தனியார் டாக்டருக்கும் கட்டாயம். அறிவித்தால் நோயாளி கையை விட்டுப் போய்விடுவார் என்று பயப்படுபவர்கள் உண்டு. உங்களிடமே சிகிச்சை தொடரலாம்.

11. கம்பெனி, ஆலை, பள்ளி

500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைக்குச் சொந்த முதலுதவி அறை வேண்டும். அதற்குக் கீழே உள்ள நூற்றுக்கணக்கான பனியன், தறி, நூற்பாலைப் பிரிவுகளுக்கு அப்படி ஓர் அறை இருப்பதில்லை. அழைத்தால் வரும் டாக்டர் தேவை. ஏற்றுமதி வாங்குபவர்களின் ஆய்வுக்குத் தொழிலாளர் பரிசோதனைப் பதிவும் தேவை. ஓட்டல், பேக்கரி ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்று வேண்டும். மாதத் தொகை பேசி இரண்டு மூன்று நிறுவனங்களோடு எழுத்து ஒப்பந்தம் வைத்தால் உங்கள் வாடகை அதில் வந்துவிடும்.

ஆளைப் பார்க்காமல் சான்றில் கையெழுத்திடச் சொல்லி கட்டாகக் கொண்டுவருபவர்கள் வருவார்கள். ஒரு தாளில்கூடக் கையெழுத்திடாதீர்கள். பதிவே போகும்.

12. கமிஷன் வேண்டாம்

திறந்த முதல் மாதத்திலேயே ஆய்வகம், ஸ்கேன் மையம், பெரிய மருத்துவமனை ஆகியவற்றின் ஆட்கள் அட்டையோடு வருவார்கள். அனுப்பும் நோயாளிக்கு இவ்வளவு என்பார்கள். நன்னடத்தை விதிகள் இதைத் தடுக்கின்றன. விதியை விட்டுவிட்டு லாபத்தை மட்டும் பார்த்தாலும் இது நஷ்டம்தான். அந்தப் பணம் நோயாளியின் பில்லில் ஏறும். பனியன் கம்பெனியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நான்கு பேர் தங்கள் பில்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

மாற்று வழி எளிது. "எனக்குத் தர நினைத்ததை நோயாளிக்குக் கட்டணத்தில் குறையுங்கள், குறைத்த விலையை ரசீதில் அச்சிடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். சில ஆய்வகங்கள் ஒப்புக்கொள்ளும். அவற்றின் தரத்தையும் பார்த்துவிட்டு அவற்றோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

13. விரிவாக்கம் எப்போது

மூன்று மாதம் தொடர்ந்து, நாளொன்றுக்குக் கட்டணம் கொடுக்கும் நோயாளி எண்ணிக்கை, முதல் படியில் குடும்பச் செலவையும் சேர்த்துப் போட்ட எண்ணை (அந்த எடுத்துக்காட்டில் 29) தாண்டினால் யோசிக்கத் தொடங்கலாம். காய்ச்சல் பருவத்தின் மூன்று மாதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாசி முதல் சித்திரை வரை பாருங்கள்.

முதலில் சேர்க்க வேண்டியது இன்னொரு டாக்டரின் நேரம்: வாரம் இரு நாள் குழந்தை மருத்துவரோ மகளிர் மருத்துவரோ, சம்பளமாக இல்லாமல் வரவில் பங்காக. அடுத்து ஆய்வகச் சேகரிப்பு. அதன் பிறகே கருவிகள். எந்தக் கருவியாக இருந்தாலும், கடந்த ஆறு மாதத்தில் அந்தச் சோதனைக்காக எத்தனை பேரை வெளியே அனுப்பினீர்கள் என்று பதிவேட்டில் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே தவணையைக் கட்டும் என்றால் வாங்குங்கள். விற்பனையாளர் காட்டும் கணக்கு வேறு ஊருடையது.

ஒரு படுக்கை போட்டாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வேறு வகை நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, மருத்துவ நிறுவனப் பதிவு, இரவு ஊழியர், தீப்பாதுகாப்பு என்று எல்லாம் மாறும். அந்தச் செலவுகளையும் சேர்த்து, முதல் படியில் போட்ட அதே தாளைப் புதிதாக எழுதிப் பார்த்த பிறகு கட்டில்காரரிடம் விலை கேளுங்கள்.